அடைப்பு நீங்கிய பின் வரும் சேதமும் வெள்ளையணுக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரின் மருத்துவமனைகளில் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் சிகிச்சை பெறுபவர்களில் தமிழ்க் குடும்பத்தினர் பலர் உண்டு. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்பவர்களும், ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து நோயாளியை அழைத்து வருபவர்களும், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் விளக்கம் கேட்டுக்கொள்கிறார்கள். அப்படிக் கேட்டவற்றில் அவர்களை மிகவும் குழப்புவது, "அடைப்பை எடுத்துவிட்டோம், ஆனால் ரத்தம் திரும்பியதாலும் கொஞ்சம் சேதம் ஏற்பட்டிருக்கிறது" என்ற செய்தி. மருத்துவ மாணவர்களுக்கு உடலியல் கற்பிக்கும் என்னிடம் உறவினர்களும் அக்கம்பக்கத்தவரும் இதுபற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். இவை புரிதலுக்கானவை, ஒருவருக்கு என்ன சிகிச்சை என்பதை அவரைப் பரிசோதிக்கும் மருத்துவரே சொல்ல முடியும்.

அடைப்பை நீக்கி ரத்தம் திரும்பிய பிறகும் திசு எப்படிச் சேதமடையும்?

ரத்த ஓட்டம் நின்றுபோன திசுவில் இரண்டு வகைச் சேதங்கள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. ஆக்ஸிஜனும் சத்தும் கிடைக்காமல் செல்கள் மடிவது முதலாவது. ரத்தம் திரும்பும்போது, நலிந்திருந்தாலும் இன்னும் உயிரோடு இருக்கும் செல்கள் புதிதாகத் தாக்கப்படுவது இரண்டாவது. 1960-இல் ராபர்ட் ஜென்னிங்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் நாய்களின் இதயத்தில் ஒரு குழாயைச் சிறிது நேரம் கட்டிவைத்துப் பிறகு அவிழ்த்தபோது, ரத்தம் திரும்பிய தசையில் செல் மடிவின் அடையாளங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தோன்றுவதைக் கண்டார்கள். அந்த வேகத்தில் எவ்வளவு பங்கு ஏற்கெனவே விதிக்கப்பட்ட மரணம், எவ்வளவு பங்கு ரத்தம் திரும்பியதால் நேர்ந்தது என்பதே அதற்குப் பிந்தைய அறுபது ஆண்டு ஆராய்ச்சியின் மையக் கேள்வியாக இருந்துவருகிறது.

அப்படியானால் அடைப்பை அவசரமாக நீக்காமல் இருப்பது நல்லதா?

நிச்சயமாக இல்லை. இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ரத்தம் திரும்பாத திசு முழுவதும் மடிந்துவிடும். ரத்தம் திரும்பிய திசுவில் ஒரு பகுதி மட்டுமே சேதமடையும். அதோடு, அடைப்பு எவ்வளவு நேரம் நீடித்ததோ அந்த அளவுக்கு ரத்தம் திரும்பும்போது ஏற்படும் சேதமும் பெரும்பாலும் கூடுகிறது. ஆகவே இரண்டு சேதங்களையும் ஒருசேரக் குறைக்கும் வழி, அடைப்பைச் சீக்கிரம் நீக்குவதுதான்.

கர்நாடக அரசு 2023-இல் மறைந்த கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் பெயரில் தொடங்கிய ஹிருதய ஜோதி திட்டம் இந்த அடிப்படையில்தான் அமைந்தது. தாலுகா மருத்துவமனையிலேயே ஈசிஜி எடுத்து, ஜெயதேவா இதயநோய் நிறுவனம் போன்ற பெரிய மையத்திலுள்ள வல்லுநர்கள் அதைத் தொலைவிலிருந்து பார்த்துச் சொல்ல, ரத்தக்கட்டைக் கரைக்கும் டெனெக்டெப்லேஸ் ஊசியை அங்கேயே இலவசமாகப் போடுகிறார்கள். ஓசூர் சாலை நெரிசலைக் கடந்து பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று அருகிலுள்ள மருத்துவமனையைத் தாண்டி வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்படுகிறது, ஏனெனில் அந்த நேரத்தில் இழக்கப்படும் தசையை எந்தப் பெரிய மருத்துவமனையாலும் திருப்பித் தர முடியாது.

ரத்தம் நின்றிருக்கும்போது திசுவுக்குள் என்ன நடக்கிறது?

ஆக்ஸிஜன் இல்லாமல் செல்லின் ஆற்றல் உற்பத்தி நின்றுபோகிறது, லாக்டிக் அமிலம் சேர்கிறது, சோடியத்தையும் கால்சியத்தையும் வெளியேற்றும் பம்புகள் வலுவிழக்கின்றன. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி சிதைந்து, ஹைப்போசாந்தின் என்ற கழிவுப்பொருளாகக் குவிகிறது. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் தேங்குகிறது.

இவை இரண்டும் ஆக்ஸிஜன் வருவதற்காகக் காத்திருக்கும் எரிபொருள்களாக அமைந்துவிடுகின்றன. ஆக்ஸிஜன் திரும்பியதும் ஹைப்போசாந்தினிலிருந்து சூப்பராக்ஸைடு என்ற வீரியமிக்க ஆக்ஸிஜன் வடிவம் உருவாவதை, பூனையின் சிறுகுடலில் செய்த சோதனைகள் மூலம் கிரேஞ்சர் குழுவினர் 1981-இல் சுட்டிக்காட்டினார்கள். தேங்கிய சக்சினேட் மைட்டோகாண்ட்ரியாவிலேயே அதே பொருளைப் பொழியச் செய்வதை 2014-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். வெள்ளையணுக்கள் வருவதற்கு முன்பே, முதல் சில நிமிடங்களில், இவ்வளவும் நடந்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெள்ளையணுக்கள் எல்லாமே இந்தச் சேதத்தில் பங்கு கொள்கின்றனவா?

முதலில் வருவதும் அதிகம் பேசப்படுவதும் நியூட்ரோபில் என்ற வகைதான். பெரியவர்களின் ரத்தத்தில் வெள்ளையணுக்களில் ஏறத்தாழ 40 முதல் 70 சதவீதம் வரை நியூட்ரோபில்களே. எலும்பு மஜ்ஜை நாள்தோறும் பத்தாயிரம் கோடிக்குக் குறையாமல் அவற்றை உற்பத்தி செய்கிறது. ரத்தத்தில் அவை சில மணி நேரமே சுற்றுகின்றன. கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிச்சென்று அவற்றை விழுங்கி அழிப்பது இவற்றின் வேலை. அவற்றுக்குப் பின்னால் மோனோசைட் என்ற வகை வெள்ளையணுக்கள் வருகின்றன. அவை திசுவுக்குள், மடிந்த செல்களை விழுங்கி அகற்றும் மேக்ரோபேஜ்களாக மாறுகின்றன. லிம்போசைட் என்ற வகைக்கும் பங்கு உண்டு, ஆனால் முதல் நாளின் கதை பெரும்பாலும் நியூட்ரோபில்களுடையது.

கிருமியே இல்லாத இடத்துக்கு அவை ஏன் வர வேண்டும்?

இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைத்த விடை இதற்குரியதுதான். நியூட்ரோபில் கிருமியைக் கண்ணால் கண்டு வருவதில்லை. சில வேதி அடையாளங்களை உணர்ந்து வருகிறது. பாக்டீரியாக்கள் புரதம் தயாரிக்கத் தொடங்கும்போது முதல் அமினோ அமிலத்தில் ஃபார்மைல் என்ற ஒட்டை இணைக்கின்றன. மனித செல்களின் உட்கரு வழிகாட்டும் புரதங்களில் இந்த ஒட்டு இருப்பதில்லை என்பதால், அது கிடைத்த இடத்தில் பாக்டீரியா இருக்கிறது என்று நியூட்ரோபில் முடிவுகட்டுகிறது. ஆனால் நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா மிகத் தொன்மையான காலத்தில் ஒரு பாக்டீரியாவாக இருந்து, பெரிய செல்லுக்குள் குடியேறியது. அதனால் அது தானே தயாரிக்கும் புரதங்களில் இன்றும் அந்த ஒட்டு இருக்கிறது. செல் சிதைந்து மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளடக்கம் வெளியே சிந்தினால், நியூட்ரோபில்லுக்கு அது பாக்டீரியா நுழைந்ததாகவே தோன்றும். கடுமையான காயம்பட்டவர்களின் ரத்தத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ கலந்திருப்பதையும், அத்தகைய மைட்டோகாண்ட்ரியப் பொருள்கள் நியூட்ரோபில்களைத் தூண்டுவதையும் 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அழைப்பு அந்த ஒரு வழியில் மட்டும் வருவதில்லை. உடைந்த செல்களின் உட்கருவிலிருந்து வெளியேறும் புரதங்களும் அபாய அறிவிப்பாகச் செயல்படுகின்றன. ரத்தத்தில் எப்போதும் தயார் நிலையில் இருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் சேதமடைந்த பரப்புகளில் ஒட்டி, சி5ஏ என்ற துண்டை வெளியிடுகின்றன; அது நியூட்ரோபில்லை ஈர்ப்பதில் மிக வலிமையானது. ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களும் இன்டர்லூக்கின்-8 போன்ற அழைப்புப் பொருள்களைச் சுரக்கின்றன. இந்த அழைப்புகளில் சில ரத்தம் நின்றிருந்தபோதே தயாராகிவிடுகின்றன. ஆனால் ஓட்டம் இல்லாததால் நியூட்ரோபில்களால் பெருமளவில் வர முடிவதில்லை. அடைப்பு நீங்கியதும் ஆக்ஸிஜனும் அழைக்கப்பட்ட அணுக்களும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன.

வேகமாக ஓடும் ரத்தத்திலிருந்து ஒரு அணு எப்படி நின்று வெளியே வருகிறது?

வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி வெளியேறுவதை, ஜெர்மன் அறிஞர் யூலியஸ் கோன்ஹைம் உயிருள்ள தவளையின் மெல்லிய திசுவில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்து 1867-இல் விரிவாக எழுதினார். அவர் கண்ணால் கண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய மூலக்கூறு இன்று தெரியும்.

உட்சுவர் செல்கள் பி-செலக்டின் என்ற புரதத்தை முன்பே தயாரித்துச் சிறு பைகளில் வைத்திருக்கின்றன. ரத்தம் திரும்பிய சில நிமிடங்களில் அது செல்லின் மேற்பரப்புக்கு வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நியூட்ரோபில் அதில் இலேசாகப் பற்றி, உருண்டு, வேகம் குறைகிறது. அப்போது சுவரிலிருந்து வரும் வேதிச் சைகைகள் அதன் மேலுள்ள இன்டக்ரின் என்ற புரதத்தை விழிப்படையச் செய்கின்றன. சிடி11பி, சிடி18 என்ற இரண்டு பகுதிகள் கொண்ட அந்த இன்டக்ரின், சுவரிலுள்ள ஐகேம்-1 என்ற புரதத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது. அணு நின்றுவிடுகிறது, பிறகு தட்டையாகி, இரண்டு சுவர்ச் செல்களின் இடுக்கு வழியாக நழுவித் திசுவுக்குள் இறங்குகிறது.

ஆரோக்கியமான சுவர் இதைத் தடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். உட்சுவர் செல்கள் இடைவிடாமல் சுரக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு குழாயைத் தளர்த்துவதோடு, அணுக்கள் ஒட்டாமலும் பார்த்துக்கொள்கிறது. ரத்தம் திரும்பிய சில நிமிடங்களிலேயே இந்தச் சுரப்பு வெகுவாகக் குறைவது விலங்குச் சோதனைகளில் தெரியவந்தது. சூப்பராக்ஸைடு, எஞ்சியிருக்கும் நைட்ரிக் ஆக்ஸைடுடன் சேர்ந்து அதையும் அழித்துவிடுகிறது. காவல் இப்படித் தளர்ந்த நேரத்தில்தான் நியூட்ரோபில்கள் வந்து சேர்கின்றன.

திசுவுக்குள் சென்ற பின் அவை செய்யும் சேதம் என்ன?

கிருமியை அழிக்க நியூட்ரோபில்லிடம் உள்ள ஆயுதங்கள் எல்லாம் நம் செல்களையும் தாக்கக்கூடியவை. அது தன் சவ்விலுள்ள ஒரு நொதி மூலம் ஆக்ஸிஜனைப் பெருமளவில் இழுத்து, சூப்பராக்ஸைடாக மாற்றுகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு பிறக்கிறது. பின்னர் மயலோபெராக்ஸிடேஸ் என்ற நொதி, பெராக்ஸைடையும் குளோரைடையும் இணைத்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்குகிறது. பிளீச்சிங் பவுடர் கரைசலில் கிருமிகளைக் கொல்வதும் இதே அமிலம்தான்.

இவற்றுடன், எலாஸ்டேஸ், கொலாஜனேஸ் போன்ற, புரதத்தை அரிக்கும் நொதிகளும் வெளியேறுகின்றன. செல்களைத் தாங்கி நிற்கும் நார்களையும் நுண்குழாய்களின் அடிச்சவ்வையும் அவை கரைக்கின்றன. விளைவாகக் குழாயிலிருந்து நீர் கசிந்து வீக்கம் உண்டாகிறது. சில இடங்களில் ரத்தமே கசிகிறது. 2004-இல் பெர்லின் ஆய்வாளர்கள் கண்டறிந்த இன்னொரு செயலும் இங்கே நிகழ்கிறது: நியூட்ரோபில் தன் டிஎன்ஏவையே வலைபோல வெளியே வீசி, நச்சுப் புரதங்களை அதில் பதித்துவிடுகிறது. கிருமிகளைச் சிக்கவைக்க உதவும் இந்த வலை, நுண்குழாய்க்குள் வீசப்பட்டால் தட்டணுக்களைப் பிடித்துப் புதிய ரத்தக்கட்டு உருவாகவும் காரணமாகிறது.

"பெரிய குழாய் திறந்துவிட்டது, ஆனால் தசைக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை" என்றார் மருத்துவர். ஸ்டென்ட் சரியாகப் பொருந்தவில்லையா?

பெரும்பாலும் ஸ்டென்ட் காரணமல்ல. பலூனாலும் ஸ்டென்ட் என்ற வலைக் குழாயாலும் அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியில் திறக்கப்படுவது கண்ணுக்குத் தெரியும் அளவுள்ள குழாய். தசைக்கு ஆக்ஸிஜன் சேர்வதோ அதற்கும் அப்பால் உள்ள, சிவப்பணு நெளிந்து செல்லும் அளவே அகலமுள்ள நுண்குழாய்களில். மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறந்தாலும் வீட்டுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள் அடைத்திருந்தால் தண்ணீர் வராதது போன்ற நிலை இது. 1968-இல் முயலின் மூளையிலும், 1974-இல் நாயின் இதயத்திலும், அடைப்பு நீங்கிய பிறகும் சில பகுதிகளுக்கு ரத்தம் திரும்பாததை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள்.

இதில் வெள்ளையணுவுக்கு நேரடியான பங்கு உண்டு. சிவப்பணு எளிதில் வளையும். தூண்டப்பட்ட நியூட்ரோபில்லோ விறைத்துப் பருத்துவிடுகிறது. ரத்த அழுத்தம் குறைந்த நுண்குழாயில் அது மாட்டிக்கொண்டால் பின்னால் வரும் ரத்தம் நிற்கிறது. 1983-இல் சான் டியாகோவில் எங்க்ளர் குழுவினர் நாய் இதயத்தின் நுண்குழாய்களில் வெள்ளையணுக்கள் இவ்வாறு அடைத்து நிற்பதைக் காட்டினார்கள். சுவர்ச் செல்களின் வீக்கம், வெளியிலிருந்து நெருக்கும் நீர்க்கோப்பு, சிதறிய ரத்தக்கட்டுத் துணுக்குகள், குழாயின் சுருக்கம் ஆகியவையும் சேர்ந்தே இந்த நிலையை உருவாக்குகின்றன. சர்க்கரை நோயாளிகளிடமும், மாரடைப்போடு வரும்போது ரத்தச் சர்க்கரை மிக உயர்ந்திருப்பவர்களிடமும் இது அதிகம் காணப்படுகிறது.

ரத்தம் திரும்பும்போது வரும் இந்தச் சேதம் எந்த உறுப்புகளில் நேரும்?

ரத்தம் நின்று திரும்பும் எந்த உறுப்பிலும் நேரலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் முகம் வேறு. இதயத்தில் துடிப்புச் சீர்கேடாகவும், சில நாள் வரை தசை சோர்ந்து கிடப்பதாகவும், நுண்குழாய் அடைப்பாகவும் வெளிப்படுகிறது. சோர்ந்த தசை மடிந்த தசை அன்று. அது பெரும்பாலும் மீண்டும் இயங்கும். ஆகவே மாரடைப்பு நேர்ந்த மறுநாள் எடுத்த எக்கோவில் (இதயத்தை ஒலி அலைகளால் பார்க்கும் ஸ்கேனில்) இதயத்தின் வேலை மிகக் குறைவாகத் தெரிந்தால், சில வாரம் கழித்து மீண்டும் பார்க்காமல் மனமுடைந்துபோக வேண்டியதில்லை.

மூளையில் அஞ்சப்படுவது ரத்தக் கசிவு. நியூட்ரோபில் சுமந்து வரும் எம்எம்பி-9 என்ற நொதி மூளைக் குழாய்களின் தடுப்புச் சுவரை அரிக்கிறது. பக்கவாதத்துக்குக் கட்டுக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குப் பிறகு பொதுவாகத் தவிர்ப்பதற்கு இத்தகைய கசிவின் அபாயமும் ஒரு காரணம். நேரம் கடந்தவர்களிலும் ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படும் சிலருக்கு, குழாய் வழியே கட்டை வெளியே இழுத்தெடுக்கும் சிகிச்சை 24 மணி நேரம் வரை பயன்படுகிறது.

காலில் நிலைமை இன்னும் கண்கூடானது. பல மணி நேரம் ரத்தம் இல்லாதிருந்த தசை, ஓட்டம் திரும்பியதும் வீங்கி, தன்னைச் சுற்றியுள்ள உறைக்குள் இறுகி, தன் குழாய்களைத் தானே நெருக்கிவிடும். உடனே உறையைக் கீறித் திறந்தால்தான் கால் பிழைக்கும். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத்தையும், மயோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். தூண்டப்பட்ட நியூட்ரோபில்கள் ரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று அங்கே தங்குவதால், காலில் தொடங்கிய பிரச்சினை மூச்சுத் திணறலாக முடிவதும் உண்டு. குடலுக்கு ரத்தம் தடைப்பட்டுத் திரும்பும்போதும் இதே அபாயம் இருக்கிறது.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியும் முதல் வாரத்தில் டயாலிசிஸ் செய்கிறார்கள். இதுவும் அதனால்தானா?

பல நேரங்களில் ஆம், குறிப்பாக மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகமாக இருந்தால். அந்தச் சிறுநீரகம் ரத்தம் இல்லாமல் குளிர்நிலையில் பல மணி நேரம் பாதுகாக்கப்பட்டு, பொருத்தப்பட்டதும் ஒரே நொடியில் ரத்தத்தைப் பெறுகிறது. விழித்தெழச் சில நாள் ஆகலாம். இது உடல் உறுப்பை நிராகரிப்பதிலிருந்து வேறானது, ஆனாலும் இந்தச் சேதம் நோயெதிர்ப்பு அணுக்களை அங்கே இழுப்பதால் பிற்கால நிராகரிப்புக்கு வழி திறக்கக்கூடும் என்று மருத்துவர்கள் கவனமாகக் கண்காணிக்கிறார்கள்.

வெள்ளையணுக்கள்தான் காரணம் என்பது உறுதியாகத் தெரியுமா?

அவை அங்கே இருப்பது உறுதி; அவை எவ்வளவு சேதத்துக்குப் பொறுப்பு என்பதில்தான் வாதம் இருக்கிறது. 1983-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லூக்கேஸியின் குழுவினர், நாய்களின் ரத்தத்திலிருந்து நியூட்ரோபில்களை எதிர்ப்புச் சீரம் கொண்டு குறைத்துவிட்டு அடைப்பை உண்டாக்கித் திறந்தபோது, மடிந்த இதயத் தசையின் பரப்பு கணிசமாகச் சிறுத்தது. ஒட்டும் புரதங்களைத் தடுத்த பல சோதனைகளும் அதே திசையைக் காட்டின. ஆனால் வேறு சில ஆய்வகங்களில் அவ்வளவு தெளிவான பலன் கிடைக்கவில்லை. மேலும், உடலிலிருந்து தனியே எடுத்து, அணுக்களே இல்லாத உப்புக் கரைசலை மட்டும் ஓடவிட்டு இயக்கும் இதயத்திலும் இந்தச் சேதம் ஓரளவு நிகழவே செய்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இது: முதல் சில நிமிடங்களின் சேதம் பெரும்பாலும் செல்லின் உள்ளிருந்தே, கால்சியத்தாலும் மைட்டோகாண்ட்ரியாவாலும் வருகிறது, நியூட்ரோபில்கள் அதற்குப் பின்வரும் மணி நேரங்களில், முக்கியமாக நுண்குழாய்களின் வழியாக, அந்தச் சேதத்தை விரிவாக்குகின்றன. முதல் நாளில் அவற்றின் எண்ணிக்கை உச்சத்தை அடைகிறது. அதற்கடுத்த நாள்களில் மோனோசைட்டுகள் இடத்தைப் பிடிக்கின்றன.

அப்படியானால் அவற்றைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிடலாமே?

இதே எண்ணத்தில் மிகுந்த நம்பிக்கையோடு மருந்துகள் சோதிக்கப்பட்டன. சிடி18 இன்டக்ரினைத் தடுக்கும் இரண்டு வெவ்வேறு எதிர்ப்பொருள்களை, 2001-லும் 2002-லும் வெளியான ஆய்வுகளில், தலா 400 பேர் அளவிலான மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்தார்கள். மடிந்த தசையின் அளவு குறையவில்லை. காம்ப்ளிமென்ட் சி5-ஐத் தடுக்கும் பெக்ஸெலிசுமாப் 5,745 பேரிடம் சோதிக்கப்பட்டு, 2007-இல் வெளியான முடிவில் உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. பக்கவாதத்தில் ஐகேம்-1-ஐத் தடுக்க 625 பேரிடம் சோதித்த என்லிமோமாப் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. மருந்து பெற்றவர்களிடம் காய்ச்சலும் தொற்றும் இறப்பும் அதிகமாக இருந்தன. எலியிலிருந்து தயாரிக்கப்பட்ட அந்த எதிர்ப்பொருள், தடுக்க வேண்டிய நியூட்ரோபில்களைத் தானே தூண்டிவிட்டது என்பது பிறகு விளங்கியது.

இந்தத் தோல்விகளுக்குக் காரணங்கள் பல. ஆய்வகத்தில் ஆரோக்கியமான இளம் விலங்கின் குழாயைத் தேவையான நிமிடத்தில் கட்டி அவிழ்க்கலாம், மருந்தை முன்கூட்டியே கொடுக்கலாம். மருத்துவமனைக்கு வருபவரோ வயதானவர், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர், அடைப்பு தொடங்கிச் சில மணி நேரம் கழித்து வருபவர். அவருக்கு மருந்து செலுத்தப்படும்போது சேதத்தின் பெரும்பகுதி முடிந்துபோயிருக்கும். அடைப்பு நீங்காத நுண்குழாய்க்கு அந்த மருந்து போய்ச் சேரவும் வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சேதத்துக்குப் பல பாதைகள் இருக்கும்போது ஒரு பாதையை மட்டும் அடைப்பது போதவில்லை.

நியூட்ரோபில்களை முழுமையாக முடக்கிவிட்டால் என்ன ஆகும்?

இயற்கையே இதற்கு விடை சொல்கிறது. சிடி18 மரபணுக் குறையோடு பிறக்கும் குழந்தைகளின் வெள்ளையணுக்களால் குழாய்ச் சுவரில் ஒட்டி வெளியேற முடியாது. தொப்புள்கொடி விழத் தாமதமாவதும், சீழே இல்லாத கடுமையான தொற்றுகள் திரும்பத் திரும்ப வருவதும் அக்குழந்தைகளின் நிலை. கடுமையான வகையில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்படுகிறது.

ஆறுவதற்கும் இந்த அணுக்கள் வேண்டும். மடிந்த தசையை அகற்றி, தழும்பு உருவாகும்படி மேக்ரோபேஜ்களைத் தயார்செய்வதில் நியூட்ரோபில்களுக்குப் பங்கு உண்டு. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்பு உண்டாக்கப்பட்ட எலிகளின் நியூட்ரோபில்களைக் குறைத்தபோது தழும்பு சரியாக அமையாமல் இதயத்தின் செயல்பாடு மேலும் கெட்டது. இதயச் சுவரில் உறுதியான தழும்பு உருவாகாவிட்டால் அது மெலிந்து புடைக்கலாம், அரிதாகக் கிழியவும் செய்யலாம். மாரடைப்பின்போது வீக்கம் குறைய ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே விடைதான் பொருந்தும். அது வழக்கமான சிகிச்சை அன்று.

கோல்சிசின் மாத்திரை இதற்குப் பயன்படுகிறதா?

கீல்வாத வலிக்கு நெடுங்காலமாகத் தரப்படும் கோல்சிசின், நியூட்ரோபில்லின் நகர்வையும் தூண்டலையும் மட்டுப்படுத்துகிறது. மாரடைப்பு வந்த 4,745 பேருக்கு நாள்தோறும் 0.5 மில்லிகிராம் கொடுத்த ஆய்வு, பிற்கால இதயப் பாதிப்புகள் குறைந்ததாக 2019-இல் சொன்னது. அதைவிடப் பெரிய, 7,062 பேரைக் கொண்ட ஆய்வு 2024-இல் பலன் இல்லை என்று சொன்னது. இரண்டிலும் ஆராயப்பட்டது பின்வரும் மாதங்களிலும் ஆண்டுகளிலும் கிடைக்கும் பாதுகாப்பே அன்றி, ரத்தம் திரும்பும் நேரத்துச் சேதம் அன்று. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த மருந்து ஆபத்தாகலாம் என்பதால் மருந்துக்கடையில் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளும் மஞ்சளும் உதவுமா?

சூப்பராக்ஸைடை அழிக்கும் நொதியையே ஆஞ்சியோபிளாஸ்டி நேரத்தில் ரத்த நாளம் வழியே செலுத்திப் பார்த்தும் இதயத்தின் செயல்பாட்டில் முன்னேற்றம் கிடைக்கவில்லை என்று 1994-இல் வெளியான ஆய்வு காட்டியது. வாய் வழியே சாப்பிடும் மாத்திரை அந்தச் சில நிமிடங்களில் அந்த இடத்தை எட்டும் என்று நம்ப ஆதாரம் இல்லை. சமையலில் மஞ்சள் தாராளமாக இருக்கட்டும்.

மாரடைப்புக்குப் பிறகு அப்பாவின் வெள்ளையணு எண்ணிக்கை 14,000 என்று வந்திருக்கிறது. தொற்று ஏற்பட்டுவிட்டதா?

எண்ணிக்கை மட்டும் அதைச் சொல்லாது. வழக்கமான அளவு ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை. மாரடைப்பு வந்த சில மணி நேரத்திலேயே, உடலின் நெருக்கடி ஹார்மோன்களும் மஜ்ஜைக்குச் செல்லும் சைகைகளும் நியூட்ரோபில்களை ரத்தத்துக்குள் தள்ளுகின்றன. சில நாள்களில் அது தணிகிறது. தொடர்ந்து ஏறுவது, குளிர் காய்ச்சல், சளி, ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, சிறுநீர் எரிச்சல் ஆகியவை இருந்தால் மருத்துவர் தொற்றைத் தேடுவார். பெரிய மாரடைப்பில் எண்ணிக்கை அதிகமாக ஏறுவது உண்மையே, ஆனால் அந்த எண்ணைக் குறைப்பது சிகிச்சையின் இலக்கு அன்று.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை எவை?

நெஞ்சு வலி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, முகக் கோணல், பேச்சுக் குழறல் தொடங்கிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் 108 ஆம்புலன்ஸ் எண் ஒன்றே. பக்கவாதமாக இருந்தால் சிடி ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்குச் செல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பின், "பெரிய குழாய் திறந்தது போல நுண்குழாய்களுக்கும் ரத்தம் போகிறதா, எக்கோவை மறுபடி எப்போது பார்ப்பீர்கள்" என்று கேளுங்கள். காலில் அடைப்பு நீக்கப்பட்டவரிடம், காலைச் சற்று நீட்டினாலே தாங்க முடியாத வலி, கல்போல் இறுகிய வீக்கம், விரல் மரத்துப்போதல், தேநீர் நிறத்தில் சிறுநீர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும், காலை நேரச் சுற்றுக்கு மருத்துவர் வரட்டும் என்று காத்திருக்காமல் நள்ளிரவானாலும் செவிலியரை எழுப்பிச் சொல்லுங்கள்.